உதிர்தலும் உதிர்த்தலும்: மிகைச்சுமையின் ஒரு சிறு வரலாறு

என் ஆய்வேட்டின் மூன்றாம் இயலைச் சில மாதங்களுக்கு முன் முற்றிலும் கைவிட்டு, மீண்டும் முதலிலிருந்து எழுத நேர்ந்தது. காரணத்தைச் சொல்லச் சற்றுக் கூச்சமாக இருந்தாலும், தரவு திரட்டும் மாணவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே பதிவு செய்கிறேன்.

பொதுவெளியில் எழுதப்படும் தமிழ்ப் பதிவுகள் வரவர அவற்றைச் சேகரித்துச் சொற்களை எண்ணும் சிறு நிரல் ஒன்றை இரவல் கணினி ஒன்றில் ஓடவிட்டிருந்தேன். பேச்சு வழக்கு வடிவங்கள் எழுத்தில் எந்த அளவுக்கு இடம்பெறுகின்றன என்பதே கேள்வி. வழக்கு வடிவங்கள் நான் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே வந்தன. அதற்கு ஒரு விளக்கமும் கண்டுபிடித்து, நாற்பது பக்கம் எழுதிவிட்டேன். பின்னர் ஒருநாள் மணிவாரியாகப் பதிவுகளை எண்ணிப் பார்த்தபோதுதான், இரவு எட்டு மணி முதல் பதினொரு மணி வரையிலான தரவு மெலிந்து கிடப்பதைக் கண்டேன். அந்த நேரத்தில்தான் மக்கள் மிகுதியாக எழுதுகிறார்கள். வரவு மிகுந்தபோது கணினியின் இடைநினைவு நிரம்பி, புதிதாக வந்தவை ஓசையின்றி விழுந்திருக்கின்றன. காலையில் வருபவை பெரும்பாலும் செய்திகளும் அறிவிப்புகளும். வழக்குத் தமிழ் வாழ்வது இரவு அரட்டையில். ஆகவே நான் விளக்கியது தமிழரின் எழுத்துப் பழக்கத்தை அன்று. என் கணினியின் திணறலை.

கழக்கூட்டத்துத் தொழில்நுட்பப் பூங்காவில் பணிபுரியும் நண்பரிடம் இதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "இது லோட் ஷெட்டிங் பிரச்சினை, இதற்கென்றே இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ச்சி நடந்திருக்கிறது" என்றார். எனக்கு அந்தச் சொல் மின்சாரத்தோடு மட்டுமே பழக்கம். அன்று தொடங்கிய வாசிப்பின் சுருக்கமே இந்தப் பதிவு.

முதலில் சொல்லைப் பார்ப்போம். திருவனந்தபுரத்தில் மலையாளிகள் 'லோட் ஷெட்டிங்' என்றே சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் 'மின்வெட்டு' என்போம், அல்லது 'கரண்ட் போச்சு' என்போம். இரண்டும் ஒரே நிகழ்வைக் குறித்தாலும் பார்வை வேறு. மின்வெட்டு என்பது இருட்டில் உட்கார்ந்திருப்பவரின் சொல். லோட் ஷெட்டிங் என்பது கட்டுப்பாட்டு அறையில் இருப்பவரின் சொல். மரம் இலையை உதிர்ப்பதுபோல் அமைப்பு தன் சுமையை உதிர்க்கிறது என்று அது பேசுகிறது. யாரை இருட்டில் விடுவது என்ற முடிவு அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது.

அந்த முடிவு ஏன் தேவைப்படுகிறது? மின்சாரத்தைப் பெருமளவில் தேக்கிவைப்பது கடினம். உற்பத்தியும் நுகர்வும் நொடிக்கு நொடி ஒத்திருக்க வேண்டும். நுகர்வு மிஞ்சினால் மின்னாக்கிகளின் சுழற்சி தளர்ந்து, 50 ஹெர்ட்ஸ் என்ற அதிர்வெண் இறங்கும். ஓர் எல்லைக்குக் கீழே போனால் மின்னாக்கிகள் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே விலகிவிடும், அதனால் எஞ்சியவற்றின் சுமை கூடும், அவையும் விலகும். இந்தச் சரிவைத் தடுக்க, அதிர்வெண் இறங்கத் தொடங்கியதுமே சில பகுதிகளைத் தானாகத் துண்டிக்கும் கருவிகளை வைக்கிறார்கள். சிலருக்குச் சிறிது நேரம் இருள், மற்றவர்களுக்கு ஒளி.

இந்த ஏற்பாடு போதிய அளவு செயல்படாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்தியா 2012 சூலை 30, 31 ஆகிய இரு நாள்களில் கண்டது. பீனா–குவாலியர் 400 கிலோவோல்ட் தடம் விலகியதிலிருந்து தொடங்கிய சரிவில் முதல்நாள் சுமார் 36,000 மெகாவாட், மறுநாள் சுமார் 48,000 மெகாவாட் சுமை இருளில் மூழ்கியது. வடக்கு வலையமைப்பில் தானாகச் சுமை உதிர்க்க வேண்டிய கருவிகள் எதிர்பார்த்த அளவு உதிர்க்கவில்லை என்பதை விசாரணைக் குழு சுட்டிக்காட்டியது. தென்னக வலையமைப்பு அப்போது மற்றவற்றோடு ஒத்திசைவாக இணைக்கப்படாததால் தப்பித்தது. ராய்ச்சூர்–சோலாப்பூர் தடத்தின் வழியே அந்த இணைப்பு ஏற்பட்டது 2013 திசம்பர் 31 அன்றுதான்.

இனி வலைப்பின்னலுக்கு வருவோம். 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, 400 கெஜம் தொலைவில், நொடிக்கு 32,000 பிட் ஓடிக்கொண்டிருந்த தரவு திடீரென 40 பிட்டாகச் சரிந்தது. பொதிகள் வழியில் விழுந்தன. விழுந்ததை அறிந்த கணினிகள் மீண்டும் அனுப்பின. அதனால் நெரிசல் பெருகி இன்னும் பல விழுந்தன. வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தீர்வு கண்டது. பொதி விழுந்தால் அதை நெரிசலின் அறிகுறியாகக் கொண்டு, அனுப்புபவர் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இழப்பு இங்கே ஒரு செய்தியாக மாறிவிட்டது.

அடுத்த திணறல் கணினியின் உள்ளேயே நிகழ்ந்தது. ஒவ்வொரு பொதி வரும்போதும் வலையட்டை மையச் செயலியை இடைமறித்து 'வந்திருக்கிறது' என்று சொல்லும். பொதிகள் அளவுக்கு மீறி வந்தால், செயலி இந்த அழைப்புகளுக்குப் பதில் சொல்வதிலேயே முழுப்பொழுதையும் கழிக்கும். ஒரு பொதியைக்கூட முழுமையாகக் கையாண்டு முடிக்காது. கணினி ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் வேலை நடக்காது. ஜெஃப்ரி மோகலும், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்ற கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் இந்த நிலையை ஆராய்ந்து வழி சொன்னார்கள். அவர்கள் கொடுத்த பாடங்களில் ஒன்றை எல்லாத் துறையினரும் மனப்பாடம் செய்யலாம்: எப்படியும் கைவிடப் போகிற ஒன்றை, அதன்மேல் உழைப்பைச் செலவிடும் முன்பே கைவிட வேண்டும்.

வலைப்பின்னலைக் கண்காணிப்பவரின் நிலை இவை எல்லாவற்றிலும் கடினமானது. வழிச்செலுத்தி ஒரு பொதியைத் தவறவிட்டால் அனுப்பியவர் மீண்டும் அனுப்புவார். கண்காணிப்புக் கருவியோ, ஓடும் தரவின் நகலை ஒதுங்கி நின்று பார்ப்பது. அது தவறவிட்டதை யாரும் மீண்டும் அனுப்பமாட்டார்கள். தவறவிட்டது என்பதே யாருக்கும் தெரியாது. வேகமும் சாதாரணமானதன்று. நொடிக்கு 10 கிகாபிட் தடத்தில் மிகச் சிறிய பொதிகள் நிரம்பி வந்தால் நொடிக்கு ஏறத்தாழ 1 கோடியே 48 இலட்சம் பொதிகள். ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது சுமார் 67 நானோநொடி.

வெர்ன் பாக்சன் அதே லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் 'புரோ' என்னும் ஊடுருவல் கண்காணிப்பு அமைப்பை உருவாக்கி, 1998-இல் அது பற்றிய கட்டுரையை வெளியிட்டார். இன்று அதன் பெயர் 'சீக்'. அந்தக் கட்டுரை மிகைச்சுமையைத் தற்செயலாக மட்டும் பார்க்கவில்லை. அதை ஓர் ஆயுதமாகவும் பார்த்தது. திருடன் முதலில் வெற்றுப் பொதிகளை வெள்ளமாக அனுப்பிக் கண்காணிப்பாளரைத் திணறடிப்பான். அது பொதிகளைத் தவறவிடும் நேரத்தில் உள்ளே நுழைவான். திணறும்போது ஏதேனும் ஒரு வகைப் போக்குவரத்தைப் பார்ப்பதை நிறுத்திச் சுமையை உதிர்க்கலாம். ஆனால் எதை உதிர்க்கிறோம் என்பது எதிரிக்குத் தெரிந்தால், அந்தக் குருட்டுப் பகுதி வழியாகவே அவன் வருவான். எதை விடுவது என்ற கேள்வி பாதுகாப்புக் கேள்வியும்தான் என்பது இதிலிருந்து தெளிவாயிற்று.

இந்த இடத்தில் மொழியியல் மாணவர்களுக்காக ஒரு கிளைக்கதை. ஓடும் தரவைச் சிறு நினைவகத்தில் எண்ணும் கலையின் தொடக்கங்களில் ஒன்று எழுத்துப்பிழை திருத்தத்தில் இருக்கிறது. 1970-களில் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் மாரிஸும் லொரிண்டா செர்ரியும் தட்டச்சுப் பிழைகளைக் கண்டறியும் நிரலை உருவாக்கினார்கள். ஓர் ஆவணத்தில் எந்த மூன்றெழுத்துத் தொடர் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அரிய தொடர்கள் கொண்ட சொற்களை ஐயத்துக்குரியவையாகக் காட்டுவது அதன் முறை. அன்றைய கணினியில் ஒவ்வொரு தொடருக்கும் ஒதுக்க முடிந்தது 8 பிட் மட்டுமே. நேராக எண்ணினால் 255-ஐத் தாண்ட முடியாது. ஆகவே ஒவ்வொரு வருகையையும் எண்ணாமல், எண்ணிக்கை கூடக்கூட அரிதாகவே கூட்டும் நிகழ்தகவு முறையைக் கையாண்டார்கள். 1978-இல் மாரிஸ் அதைத் தனிக் கட்டுரையாக வெளியிட்டார். அதே 8 பிட்டில், சற்றுப் பிழையோடு, இலட்சத்துக்கு மேலும் எண்ணலாம்.

1982-இல் ஜயதேவ் மிஸ்ராவும் டேவிட் கிரீஸும் இன்னொரு வழி சொன்னார்கள். கையில் சில எண்ணிகள் மட்டுமே உள்ளன. புதிய பொருள் வந்து, எண்ணி எதுவும் காலியாக இல்லையென்றால், எல்லா எண்ணிகளிலிருந்தும் ஒன்றைக் குறைத்துவிட வேண்டும். இறுதியில், மிக அடிக்கடி வந்தவை தவறாமல் எஞ்சியிருக்கும். 2002-இல் குர்மீத் சிங் மாங்குவும் ராஜீவ் மோத்வானியும் இதே நோக்கத்துக்கு வேறொரு முறையைத் தந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் கிரகாம் கார்மோடும் எஸ். முத்துகிருஷ்ணனும் தந்த எண்ணிக்கைச் சுருக்க அட்டவணை ஒருபோதும் குறைத்துச் சொல்லாது; பிழை நேர்ந்தால் கூட்டியே சொல்லும். தடத்தை நிரப்பும் பெரும் போக்குவரத்து யாருடையது என்று கண்டறிய வலைப்பின்னல் பொறியாளர்களுக்கு இவை பெரிதும் உதவின. ஆனால் இவை அனைத்தும் அடிக்கடி வருபவற்றுக்கு ஆதரவானவை. ஒரு சொற்றொகுதியில் ஏறத்தாழப் பாதிச் சொற்கள் ஒரே ஒரு முறை வருபவை என்பது நம் துறையின் பாலபாடம். பொறியாளருக்கு அவை இரைச்சல். அகராதிக்காரருக்கு அவையே செல்வம்.

2000-களின் தொடக்கத்தில் தரவுத்தள ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார்கள். வழக்கமான தரவுத்தளத்தில் தரவு நிலையாக இருக்கும், கேள்விகள் வந்துபோகும். தரவோட்ட அமைப்பில் கேள்விகள் நிலையாக நிற்க, தரவு ஓடிக்கொண்டே இருக்கும். ஸ்டான்ஃபோர்டில் ஜெனிஃபர் விடோமும் மோத்வானியும் நடத்திய 'ஸ்ட்ரீம்', பெர்க்லியின் 'டெலிகிராஃப்சிக்யூ', பிரான்டைஸ், பிரௌன், எம்.ஐ.டி. ஆகிய மூன்று நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய 'அரோரா' ஆகியவை அந்தக் காலத்தவை. ஏ.டி. அண்டு டி. ஆய்வகத்தின் 'கிகாஸ்கோப்' வலைப்பின்னல் கண்காணிப்புக்காகவே கட்டப்பட்டது. கேள்வியை இரண்டாகப் பிரித்து, எளிய வடிகட்டலையும் முதற்கட்டத் தொகுப்பையும் வலையட்டைக்கு மிக அருகிலேயே செய்துமுடித்து, சுருங்கிய தரவை மட்டும் மேலே அனுப்புவது அதன் உத்தி. மோகல்–ராமகிருஷ்ணன் பாடம் இங்கே வேறு உருவில் தெரிகிறது.

2003-இல் அரோரா குழுவைச் சேர்ந்த நெசிமே தாத்புலும் உடன் உழைத்தவர்களும் வெளியிட்ட கட்டுரைதான் மின்துறையின் அந்தச் சொல்லைத் தரவோட்டத்தில் நிலைநிறுத்தியது. அது மூன்று கேள்விகளைப் பிரித்து வைத்தது: எப்போது உதிர்ப்பது, எங்கே உதிர்ப்பது, எவ்வளவு உதிர்ப்பது. 'எங்கே' என்பது தோன்றுவதைவிடக் கடினம். ஓட்டத்தின் தொடக்கத்திலேயே உதிர்த்தால் உழைப்பு மிகுதியாக மிஞ்சும். ஆனால் அந்த ஓட்டத்தை நம்பியிருக்கும் எல்லாக் கேள்விகளும் பாதிக்கப்படும். கிளை பிரிந்தபின் உதிர்த்தால் ஒரு கேள்வி மட்டுமே பாதிக்கப்படும். மிச்சமாகும் உழைப்பும் குறைவு. குருட்டாம்போக்கில் உதிர்ப்பதா, பொருளின் மதிப்பைப் பார்த்து உதிர்ப்பதா என்ற வேறுபாட்டையும் அவர்கள் வகுத்தார்கள். திணறும் நேரத்தில் உட்கார்ந்து யோசிக்க முடியாது என்பதால், உதிர்ப்புத் திட்டங்களை முன்கூட்டியே வகுத்து வரிசையாக வைத்திருந்தார்கள்.

2004-இல் பிரையன் பாப்காக், மயூர் தத்தார், மோத்வானி ஆகியோர் நீதி பற்றிய கேள்வியைக் கணக்காக்கினார்கள். பல கேள்விகள் ஒரே அமைப்பில் ஓடும்போது, மிக மோசமாகப் பாதிக்கப்படும் கேள்வியின் சார்புப் பிழை இயன்றவரை சிறிதாக இருக்கும்படி உதிர்ப்பைப் பங்கிட வேண்டும் என்பது அவர்களின் இலக்கு. 2006-இல் தாத்புல் குழு இன்னொரு நேர்மையைச் சேர்த்தது. ஒரு நிமிடத் தொகுப்பு ஒன்றில் சில தரவை மட்டும் விட்டுவிட்டுத் தவறான கூட்டுத்தொகையைச் சொல்வதைவிட, அந்த நிமிடத்தையே முழுதாக விட்டுவிடலாம். சொல்லும் விடைகளாவது சரியாக இருக்கும். 2007-இல் பார்சலோனாவில் பேரே பார்லெட்-ரோஸும் இணையர்களும், கண்காணிப்பு நிரலின் உள்ளே என்ன நடக்கிறதென்று அறியாமலேயே, வரும் போக்குவரத்தின் இயல்புகளை வைத்து அதற்கு எவ்வளவு உழைப்பு தேவைப்படும் என்று முன்கணித்து, திணறல் வருமுன்பே உதிர்க்கும் முறையைக் காட்டினார்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் எளிய கணக்கு நம்மை எச்சரிக்கிறது. நூறு பொதிகளில் ஒன்றை மட்டும் குருட்டாம்போக்கில் எடுத்துக்கொள்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தப் பொதிகள் எத்தனை என்பதை நூறால் பெருக்கி ஓரளவு சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஐந்தே பொதிகள் கொண்ட உரையாடல் ஒன்று நம் கண்ணில் படாமல் போகும் வாய்ப்பு 95 விழுக்காடு. ஐந்நூறு பொதிகள் கொண்டது தப்பும் வாய்ப்பு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கூட்டுத்தொகை பிழைக்கிறது, எத்தனை பேர் பேசினார்கள் என்பது பிழைப்பதில்லை. வீடு வீடாகக் கதவைத் தட்டிப் பார்க்கும் திருடன் ஒவ்வொரு கதவிலும் ஓரிரு பொதிகளையே விடுகிறான். உதிர்ப்பு முறை ஒவ்வொன்றும் எதையோ காத்து, வேறெதையோ காவு கொடுக்கிறது.

தமிழில் இதற்கு என்ன சொல் வழங்கலாம் என்று யோசித்தபோது ஓர் இலக்கணப் பாடம் நினைவுக்கு வந்தது. 'உதிர்தல்' தன்வினை, 'உதிர்த்தல்' பிறவினை. பொதிகள் உதிர்ந்தன என்றால் அங்கே செய்தவர் இல்லை, பொறுப்பும் இல்லை. பொதிகளை உதிர்த்தோம் என்றால் எழுவாய் வந்துவிடுகிறது. ஏன், எதை, எவ்வளவு என்று அவரைக் கேட்கலாம். மேலே சொன்ன வரலாறு முழுவதையும் தன்வினையிலிருந்து பிறவினைக்கு நகர்ந்த வரலாறு என்றே நான் படிக்கிறேன். இழப்பு எந்தக் காலத்திலும் நின்றுவிடவில்லை. அதற்கு ஓர் எழுவாய் கிடைத்தது.

கருவியின் பெயரும் நம்மிடம் முன்பே இருக்கிறது. வடதமிழ்நாட்டு ஏரிகளில் அதைக் கலிங்கு என்பார்கள். எங்கள் நாஞ்சில் நாட்டிலும் நெல்லைச் சீமையிலும் மறுகால். மறுகால்குறிச்சி, மறுகால்தலை என ஊர்ப்பெயர்களிலேயே அது நிற்கிறது. மறுகால் இல்லாத குளம் பெருமழையில் கரையை உடைத்துக்கொண்டு போகும். மறுகாலை எந்த உயரத்தில் வைப்பது என்பதைக் குளம் வெட்டும்போதே தீர்மானித்துவிடுவார்கள். வெள்ளம் வந்தபின் அன்று. அதைவிட முக்கியமானது, மறுகால் பாயும் நீர் வீணாவதில்லை. சங்கிலித்தொடராக அமைந்த குளங்களில் அது அடுத்த குளத்துக்குப் போகிறது. 2005-இல் பெர்க்லியின் ஃபிரெடரிக் ரைஸும் ஜோசப் ஹெல்லர்ஸ்டீனும் செய்தது ஏறத்தாழ இதுவே. வரிசை நிரம்பி வழியும் தரவை எறிந்துவிடாமல், அதன் சுருக்கத்தை மட்டும் பக்கவாட்டில் சேர்த்துவைத்து, முதன்மை விடையோடு தோராயமாக இணைத்தார்கள். போர்க்களத்தில் காயம்பட்டவர்களைத் தரம்பிரிக்கும் மருத்துவ முறையிலிருந்து அதற்குப் பெயரிட்டார்கள். நம் ஊரில் நிகழ்ந்திருந்தால் மறுகால் என்றே பெயர் வைத்திருக்கலாம்.

என் மூன்றாம் இயலுக்குத் திரும்புகிறேன். புதிய கணினி வாங்க நிதி இல்லை. ஆகவே இழப்பைத் தவிர்க்கும் வழியும் இல்லை. நிரலில் மூன்று மாற்றங்கள் மட்டும் செய்தேன். இடைநினைவு முக்கால் பங்கு நிரம்பியதுமே குருட்டாம்போக்கில் ஒரு பங்கை விட்டுவிடுகிறது. முழுதாக நிரம்பும் வரை காத்திருப்பதில்லை. விட்டவற்றின் எண்ணிக்கையை மணிவாரியாகக் குறித்துவைக்கிறது. விடப்பட்ட ஒவ்வொன்றின் நீளத்தையும் நேரத்தையும் மட்டும் தனிக் கோப்பில் எழுதுகிறது. இப்போது இரவு நேர எண்ணிக்கைகளை உரிய விகிதத்தில் பெருக்கிச் சரிசெய்ய முடிகிறது. வழக்கு வடிவங்களின் பங்கு கணிசமாக உயர்ந்தது. பழைய விளக்கம் உதிர்ந்தது. அரிய சொற்களைப் பற்றி மட்டும் இந்தத் தரவை வைத்து எதுவும் சொல்வதில்லை என்று இயலின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன்.

தரவு திரட்டும் இளம் ஆய்வாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அட்டவணையில் 'மொத்தம்' என்ற நெடுவரிசைக்குப் பக்கத்தில் 'விடுபட்டவை' என்று இன்னொரு நெடுவரிசை வையுங்கள். அதில் சுழியம் என்று எழுதும் முன், அது உண்மையிலேயே சுழியமா, அல்லது யாரும் எண்ணாததால் சுழியமாகத் தெரிகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். நான் அதைப் பார்க்க நாற்பது பக்கம் ஆயிற்று.